என் அப்பா எழுதிய இட்லி மாவுக் கட்டுரைகள்

இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தில் 'எச்-இண்டெக்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரே ஓர் எண்ணை நிரப்ப எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இட்லி மாவிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அது இன்னதென்று அடையாளம் காண்பதுதான் பதினைந்து வருடமாக என் பிழைப்பு. கடைசியில் என்னையே அப்படித் தேடிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

எச்-இண்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. ஒவ்வொன்றும் குறைந்தது 7 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 7 இருந்தால் உங்கள் எண் 7. ஒரே கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தாலும் மற்றவை படுத்துக் கிடந்தால் எண் 1-தான். ஆகவே எல்லாக் கட்டுரையும் ஒரே பெயரின்கீழ் இருந்தாக வேண்டும். என்னுடையவை மூன்று பெயரில் கிடந்தன.

முதல் கட்டுரையில் நம் ஊர் வழக்கப்படி அப்பாவின் இனிஷியலும் என் பெயரும். அடுத்ததை அனுப்பிய ஆய்விதழின் படிவம் 'குடும்பப் பெயர்' இல்லாமல் நகரவே மாட்டேன் என்றது. இரவு பதினொன்றரை மணி, மறுநாள் கெடு முடிகிறது. அப்பாவின் பெயரை அங்கே தட்டிவிட்டேன். அச்சில் அவர் முழுப்பெயரோடு வந்தார், நான் அவருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போனேன். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயர் ஏறியது. வெளிநாட்டு மாநாட்டுக்கு அந்தப் பெயரில்தான் பதிந்தேன், அதிலிருந்து வந்த கட்டுரைகள் மூன்றாவது ஆளின் கணக்குக்குப் போயின.

ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் தரவுத்தளத்தில் தேடியபோது என் பெயரில் 9 கட்டுரை, எண் 5. வீட்டுக்காரர் பெயரில் 6 கட்டுரை, எண் 4. அப்பாவின் பெயரில் 4 கட்டுரை, எண் 3. தாராபுரம் பக்கம் மாவு மில் வைத்திருந்த, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அப்பாவுக்கு எச்-இண்டெக்ஸ் 3! எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அவ்வளவு கிடையாது.

ஆனால் அந்தக் கட்டுரைகளில் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முனைவர் பட்ட ஆய்வின் முதல் மாதிரிகள் அவருடைய மில்லில் எடுத்தவைதான். பெண்கள் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் போசியில் கொண்டுவருவார்கள். அரைத்ததும் ஒரு கரண்டி வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி பஸ்ஸில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவேன். இட்லி மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் லியூகோநாஸ்டாக் மெசென்டெராய்டிஸ் என்ற பாக்டீரியா என்பதை 1965-இலேயே முகர்ஜி, ஸ்டைன்க்ராஸ் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஜெனீவா ஊரில் இருந்த ஆய்வு நிலையத்தில் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். உறைமோர் எதுவும் வேண்டாம், அரிசியிலும் உளுந்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதே போதும். நம் அடுப்படி விஷயத்தை நியூயார்க் மாநிலத்துக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சர்க்கரை சேர்த்த அகார் தட்டில் அந்தப் பாக்டீரியாவை முதன்முதலாகப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக்கிக்கொண்டு, வெந்த ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று உருண்டு நின்றது. லூப்பால் தொட்டால் நூலாக இழுபட்டது. ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டேன், நுரை வரவில்லை. பெராக்சைடைச் சிதைத்து நுரைக்கவைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி இல்லை, ஆள் சரிதான் என்று வழிகாட்டியை எழுப்பப் போன் போட்டேன்.

பெயர்களைச் சேர்க்கும் வேலைக்கு வருகிறேன். முதலில் ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண் எடுத்தேன். 16 இலக்கம், இலவசம், பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. மூன்று பெயரையும் அதில் மாற்றுப் பெயர்களாகப் போட்டு 19 கட்டுரைகளையும் ஒவ்வொன்றாக இணைத்தேன். பிறகு மூன்று பெயரையும் ஒன்றாக்கச் சொல்லித் தரவுத்தளத்துக்கு எழுதினேன். முதல் முறை இன்னொருவரின் பாலிமர் கட்டுரைகளும் என்னோடு ஒட்டிக்கொண்டன. எண் மளமளவென்று ஏறியது. மனசே இல்லாமல்தான் திருத்தக் கடிதம் போட்டேன். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு என்று அகப்பட்டதையெல்லாம் எண்ணும், அதனால் அங்கே எண் கூடுதலாகத் தெரியும். விண்ணப்பத்தில் எந்தத் தளத்தின் எண், எந்தத் தேதியில் பார்த்தது என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

இதற்கு நடுவே 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தையே 25-ஆகப் பிரித்துவிட்டார்கள். என் ஆய்வேட்டில் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்று எழுதியது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம் ஆனது. முக்கியமான பேரினங்களுக்கு 'எல்' எழுத்திலேயே தொடங்கும் பெயராகப் பார்த்து வைத்தார்கள், 'எல். பிளான்டாரம்' என்ற மாதிரிப் பழைய சுருக்கம் செல்லுபடியாக வேண்டுமே. பாக்டீரியாவின் இனிஷியலுக்கு இருந்த கரிசனம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றாகச் சேர்த்த பிறகு என் எண் 7. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது எது என்று பார்த்தால், ஊரடங்கில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தபோது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து வீட்டில் உட்கார்ந்து எழுதிய மீள்பார்வைக் கட்டுரை. இரண்டு வருடம் தட்டு தட்டாக எண்ணி எழுதிய கட்டுரைக்கு ஆறு மேற்கோள், அதில் இரண்டு நானே காட்டியது. மாவு பாக்கெட் விற்பவர்கள் "மேடம், பாக்கெட் பலூன் மாதிரி உப்பிடுச்சு" என்று போன் செய்வார்கள். லியூகோநாஸ்டாக் குளிரிலும் மெதுவாக வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விடும், பொங்குவதற்கு முன்பே குளிரூட்டுங்கள் என்று சொல்வேன். அதை எழுத விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

தரவுத்தளத்தில் அப்பாவின் பெயரில் இருந்த பக்கம் மறைவதற்கு முன் படம் எடுத்து அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை இரண்டு முறை வாசித்தார்.

"இதை எதுக்குக் கண்ணு அழிக்கச் சொன்னே? மாவு அரைச்சுக் குடுத்தது நாந்தானே?"