பித்தளை வில்லை

2024 பிப்ரவரி 17, சனி

முதல் பதிவு இன்று முடிந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்தில், குழந்தைகள் பகுதிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, உள்ளங்கை அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. பிட்ஸ்பர்க்கை ஒட்டி மொனங்கஹீலா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்களின் பெரியவர்கள் தங்கள் வேலையைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும். உதவிக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் பார்த்த அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். 13 வருடமாக இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். ஹோம்ஸ்டெட்டில், மூடிப்போன எஃகு ஆலையின் மிச்சமாக வரிசையாக நிற்கும் 12 புகைபோக்கிகளைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருவரோடுகூட உட்கார்ந்து பேசியதில்லை என்பது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவருக்கு வயது 86. உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து மேசையில் வைத்தார். பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே ஓர் ஓட்டை, நடுவில் 2214 என்ற எண். அவருடைய தாத்தா, இன்றைக்கு கிழக்கு ஸ்லோவாகியாவில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து முதல் உலகப் போருக்கு முன்பே வந்தவர். ஆலை வாசலில் இந்த வில்லையைக் காட்டினால்தான் அன்று வேலைக்கு வந்ததாகக் கணக்கு. சம்பளம் வாங்கவும் இதுதான். தாத்தாவின் பெயரை மேஸ்திரியால் சொல்லவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. ஒன்று 2214, இல்லாவிட்டால் 'ஹங்கி'. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களை அப்படித்தான் இழிவாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தினம் 12 மணி நேர வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஆட்களும் இரவு ஆட்களும் மாற்றிக்கொள்ளும்போது ஒரே மூச்சில் 24 மணி நேரம். அதற்கு 'லாங் டர்ன்' என்று பெயர். இந்த ஊரில் ஷிப்ட் என்று யாரும் சொல்வதில்லை, டர்ன் என்றுதான் சொல்கிறார்கள். 12 மணி நேர வேலை ஒழிய 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். எனக்கும் ஆட்கள் எண்ணாகத்தான் வந்து சேர்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வில்லை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

2024 மார்ச் 1, வெள்ளி

தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதால் இந்தப் பகுதி முழுக்க தேவாலயக் கூடங்களில் மீன் வறுவல் விருந்து நடக்கும். பெரியவர் ஒரு கூடத்தின் பெயரைச் சொல்லி, சீக்கிரம் போனால்தான் பியரோகி கிடைக்கும் என்று அனுப்பி வைத்தார்.

சாப்பாட்டு வரிசையில் நிற்காமல் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டேன். நீள மேசையின் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். மாவைத் தேய்த்து வட்டமாக வெட்டுகிறார் ஒருவர். உருளைக்கிழங்கும் சீஸும் பிசைந்த உருண்டையை நடுவில் வைக்கிறார் இன்னொருவர். மற்ற எல்லோரும் மடித்து ஓரத்தைக் கிள்ளி ஒட்டுகிறார்கள். பார்க்க நம் சோமாசி மாதிரியே இருக்கிறது, ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் கொதிநீரில் வேகவைத்து வெண்ணெயும் வெங்காயமும் சேர்த்துப் புரட்டுகிறார்கள். கிள்ளுகிறவர்களுக்கு 'பின்ச்சர்ஸ்' என்றே பெயர். என்னையும் ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள். நான் கிள்ளிய முதல் ஆறும் திரும்பி வந்தன. ஓரம் விரிந்தால் கொதிக்கிற தண்ணீரில் பூரணம் வெளியே வந்துவிடும், இன்னும் அழுத்து என்று பக்கத்தில் நின்றவர் என் விரலைப் பிடித்தே காட்டிக் கொடுத்தார். அவருக்கு வயது 83. இந்தத் தேவாலயத்தின் கூரையை மாற்றிய பணம் பியரோகி விற்ற பணம்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

நூலகத்துக்கு வந்து கதை சொல்வீர்களா என்று கேட்டேன். "என்னிடம் என்ன கதை இருக்கு? நான் வேலைக்கே போனதில்லையே" என்றார்.

2024 மார்ச் 9, சனி

வந்துவிட்டார். வேலைக்கே போகாதவர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

அவர் பாட்டி வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருந்தார்களாம். இரவு வேலைக்காரர் எழுந்து போனதும் பகல் வேலைக்காரர் வந்து அதே கட்டிலில் படுப்பார். படுக்கை ஆறுவதே இல்லை. அத்தனை பேருக்கும் பாட்டிதான் சமையல், துணிதுவைப்பு எல்லாம். அடுத்து அவருடைய சொந்தக் கதை. கணவர், மைத்துனர், மாமனார், மூன்று பேரும் ஆலையில், மூன்று பேருக்கும் வேறு வேறு டர்ன். வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று தடவை 'காலைச் சாப்பாடு'. இரவு வேலை முடித்து வந்தவர் தூங்கும்போது குழந்தைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடியில் துணி உலர்த்துமுன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். தப்பினால் வெள்ளைத் துணி முழுக்கக் கரிப்புள்ளி. வாரத்துக்கு ஒருமுறை ஜன்னல் திரைகளைத் துவைத்திருக்கிறார். வாசல் திண்ணையைத் தினமும் கழுவியிருக்கிறார். 1940களில் பிட்ஸ்பர்க் நடுப்பகலிலேயே தெருவிளக்கு எரிந்த ஊர். அலுவலகம் போகிறவர்கள் மதியம் மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை எடுத்துப் போவார்கள்.

1959ல் 116 நாள் வேலைநிறுத்தம். நாடு முழுவதும் ஏறக்குறைய ஐந்து லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். அவர் அப்போது புது மணப்பெண். உருளைக்கிழங்கு மூட்டையை நாலு வீட்டுக்குப் பங்கு போட்டது, மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டில் பக்கம் பக்கமாகக் கடன் எழுதிக்கொண்டது எல்லாம் நேற்று நடந்தது போலச் சொன்னார்.

இதெல்லாம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறாத வேலை. பதிவுத்தாளில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று அவரே எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு என்ன போடலாம் என்று இரண்டு பேரும் யோசித்தோம். கடைசியில் "மூன்று டர்ன்" என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

2024 மார்ச் 16, சனி

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். 86 வயதுப் பெரியவர் இரண்டாம் முறை வந்து, திறந்த உலையில் தான் செய்த வேலையைச் சொன்னார். 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் கருவி அணைந்து கிடக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. "பரவாயில்லை, எனக்கு இப்போது டர்ன் எதுவும் இல்லை" என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கினார்.

கோடையிலும் கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு உலையருகே போனது, வியர்வையில் போகும் உப்புக்காக உப்பு மாத்திரை விழுங்கியது, உருகிய எஃகை வெறும் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தது. நிறத்தை வைத்தே உலை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்களாம். உலையின் பின்சுவர் கரைந்துவிடாமல் இருக்க டோலமைட் என்ற கல்துகளை மண்வெட்டியால் அள்ளி வீச வேண்டும். ஒருவர் வீசிவிட்டு விலகியதும் அடுத்தவர், அவர் பின்னால் அடுத்தவர் என்று சுற்றி வருவார்கள். எழுந்து நின்று அந்த வீச்சைக் காட்டினார். 86 வயதிலும் இடுப்பு சரியான இடத்தில் திரும்பியது.

முதல் முறை சொன்னபோது, 1986ல் ஆலை மூடியதை ஒரே வரியில் முடித்திருந்தார்: "வீட்டுக்கு வந்துவிட்டேன்." இரண்டாம் முறை அப்படி முடிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் காரில் வைத்துக்கொண்டு, இருட்டும் வரை வண்டி நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். வயது 48. 30 வருட சர்வீஸ். அதுவரை மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லையாம். மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டைகளை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

வெளியே வரும்போது எல்லோர் வாயிலும் நிப்பான் ஸ்டீல் பேச்சுதான். ஹோம்ஸ்டெட் ஆலையை நடத்திய, பிராடாக் ஆலையை இன்றும் நடத்துகிற யு.எஸ். ஸ்டீலை 1,490 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அந்த ஜப்பானிய நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. அந்தக் கம்பெனி அமெரிக்கக் கையிலேயே இருக்க வேண்டும் என்று அதிபர் பைடன் நேற்று முன்தினம் அறிக்கை விட்டிருக்கிறார். பெரியவர் எந்தப் பக்கமும் பேசவில்லை. "பிராடாக் ஆலை ஓடிக்கொண்டிருந்தால் சரி" என்றார். 1875ல் தொடங்கிய ஆலை அது, இன்னும் உருக்கிக்கொண்டிருக்கிறது. பென் ஹில்ஸில் இருக்கும் வெங்கடேசுவரர் கோயிலுக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நம்மவர்கள் மணிக்கணக்கில் வண்டி ஓட்டி வருகிறார்கள். தரிசனம் முடிந்து கால் மணி, இருபது நிமிடம் ஓட்டினால் பிராடாக். ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2024 ஏப்ரல் 13, சனி

இன்று வந்தவர் கறுப்பினத்தவர், வயது 78. 1965ல் இந்த ஆற்றோர ஆலை ஒன்றில் சேர்ந்தவர். எந்த ஆலை என்று எழுத வேண்டாம் என்றார்.

இதுவரை கேட்ட கதைகளில் ஆலை என்றால் கடுமை, ஆனாலும் ஒரு பெருமை. இவர் அந்தப் பெருமையைத் தொடவே இல்லை. சேர்ந்த அன்றே, எந்த வேலைக்கு யாரை அனுப்புவார்கள் என்பது தோலைப் பார்த்ததும் முடிவாகிவிட்டது. புகையும் சூடும் அதிகமான இடத்துக்குத்தான் இவரை அனுப்பினார்கள். சரி, வேறு பிரிவுக்கு மாறலாமே என்றால் அங்கேதான் சூட்சுமம். சீனியாரிட்டி பிரிவுக்குப் பிரிவு தனித்தனி. மாறினால் இத்தனை வருட சர்வீஸும் பூஜ்யமாகி, புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கீழே நிற்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போவதும் அவர்தான்.

1974ல் ஒன்பது எஃகு கம்பெனிகளும் தொழிற்சங்கமும் அரசோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. பிரிவு வாரியாக இருந்த சீனியாரிட்டி ஆலை முழுவதற்கும் பொதுவானது. இழந்த சம்பளத்துக்காக ஏறக்குறைய 40,000 பேருக்கு மூன்று கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல் ஒதுக்கினார்கள். மனதுக்குள்ளேயே வகுத்துப் பார்த்தேன். தலைக்கு எண்ணூறு டாலரைத் தொடவில்லை. நான் வகுத்ததை அவர் என் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "ஆமாம், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு கிரேன் ஓட்டப் பழகி, ஆலை மூடும் வரை ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிர்ந்தது.

அவர் அப்பா வளர்ந்தது ஹோம்ஸ்டெட்டில் ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த 'வார்ட்' என்ற பகுதியில். ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், கறுப்பர் எல்லோரும் ஒட்டி ஒட்டிக் குடியிருந்த இடம். 1941ல் போருக்காக ஆலையை விரிவாக்க அந்தப் பகுதியையே இடித்துவிட்டார்கள். 8,000 பேர் வீடு மாற வேண்டியிருந்தது. வெள்ளையர்கள் மேட்டுத் தெருக்களுக்குப் போனார்கள். தன் தாத்தாவுக்கு அங்கே வீடு தர ஆளில்லை என்றார்.

அப்பாவைப் பற்றி இன்னொன்று. ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பர் பேஸ்பால் அணி, இந்த ஊர் எஃகுத் தொழிலாளர்கள் ஆடத் தொடங்கி வளர்ந்தது. பிட்ஸ்பர்க்கின் பெரிய லீக் அணியான பைரேட்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் அவர்களுடைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் கிரேஸ் ஆடுவார்கள். கிரேஸ் அணியின் ஜாஷ் கிப்சன் அடித்த ஒவ்வொரு அடியையும் அப்பா ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் குறித்து வைப்பாராம். வெள்ளையர் பேப்பர்களில் நாலு வரி வந்தால் அதிகம், நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவது என்பாராம். கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். வெகுகாலமாகக் கறுப்பரைச் சேர்க்காத பெரிய லீகுக்குள், மூன்று மாதத்தில் கறுப்பரான ஜாக்கி ராபின்சன் நுழைந்தார். கிப்சனின் கல்லறையில் 1975 வரை பெயர்க்கல்கூட இல்லை. அம்மா இறந்து வீட்டைக் காலி செய்தபோது அந்த நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லி நிறுத்தினார். வெகு நேரம் பேசவில்லை. பதிவில் அந்த அமைதியை நான் வெட்டப் போவதில்லை.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

தூக்கம் பிடிக்காமல் காலையிலேயே ஆற்றோரம் நடக்கப் போனேன். பழைய பம்ப் ஹவுஸ் செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1892 ஜூலை 6 அன்று, தொழிலாளர் போராட்டத்தை முறியடிக்க ஆலை நிர்வாகம் அமர்த்திய 300 பிங்கர்ட்டன் தனியார் காவல் ஆட்கள் படகில் வந்து இறங்க முயன்றதும், ஊரே கரைக்கு ஓடி வந்து தடுத்ததும் இங்கேதான். திரும்பும்போது மேலே பாலத்தைப் பார்த்தேன். 2002லிருந்து அதற்குப் பெயர் ஹோம்ஸ்டெட் கிரேஸ் பாலம். எத்தனையோ நூறு தடவை அதில் போயிருக்கிறேன். நேற்று வரை அது எனக்கு ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான்.

2024 மே 29, புதன்

மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது, அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொன்ன அந்தப் பெரியவரிடமிருந்து போன். எடுத்ததும், "செய்தி பார்த்தீர்களா?" பார்த்திருந்தேன். கறுப்பர் அணிகள் தனியாக ஆடிய பழைய 'நீக்ரோ லீக்' ஆட்டங்களின் கணக்கைப் பெரிய லீகின் ஏட்டில் சேர்த்துவிட்டார்கள். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலில் இருந்த டை காப் .367, ஜாஷ் கிப்சன் .372. முதல் இடம் கிப்சனுக்கு.

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம். கொஞ்சம் பொறுத்து, "அப்பா நோட்டில் இதைவிட அதிகமாக இருந்தது" என்றார். பேப்பரில் வராத ஆட்டங்களையும் அப்பா சேர்த்திருந்தாராம், மலைப்பக்கத்துச் சுரங்க ஊர்களில் விளக்குக் கம்பம் நட்டு ராத்திரியில் ஆடியது உட்பட. எந்த ஊர், எத்தனை அடி என்று நினைவில் இருக்கிற மட்டும் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார். புதுப் பேட்டரி போட்டுவிட்டேன். கூடுதலாக இரண்டு பைக்குள் இருக்கிறது.