சரியான கடவுச்சொல்லை ஏற்க மறுத்த தரவுத்தளம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பல ஆண்டுகளாக எங்கள் அலுவலகக் கணக்குகளைத் தாங்கிவந்த போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தைப் புதிய சர்வரில் நிறுவியிருந்த 16ஆம் பதிப்புக்கு மாற்றினேன். 2021 நவம்பரிலேயே ஆதரவு முடிந்துவிட்ட பதிப்பு அது. இன்னும் முன்பே மாற்றியிருக்க வேண்டும். பிஜி_டம்ப்ஆல் கட்டளையால் தரவையும் பயனர் கணக்குகளையும் ஒருசேர எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றியபோது எதுவும் குறையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் செயலியிலிருந்து இணைய முயன்ற ஒவ்வொரு முறையும், கடவுச்சொல் அங்கீகாரம் தோல்வியுற்றது என்ற ஒரே செய்திதான் வந்தது. கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக மூன்று முறை சரிபார்த்தேன். அது சரியாகவே இருந்தது.

இத்தகைய நேரத்தில் திரையில் வரும் செய்தியை நம்பித் தேடத் தொடங்குவது வீண் வேலை. கடவுச்சொல் தவறானாலும், அந்தப் பெயரில் பயனரே இல்லாவிட்டாலும், பயனருக்குக் கடவுச்சொல்லே வைக்கப்படாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் வெளியே சொல்வது ஒரே வாக்கியத்தைத்தான். எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்பதை அந்நியர் ஒருவர் தட்டித் தட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதே காரணம். உண்மைக் காரணம் சர்வரின் லாக் கோப்பில் இருக்கும். அதைத் திறந்து பார்த்தபோது, அந்தப் பயனருக்குச் செல்லுபடியாகும் ஸ்க்ராம் (கடவுச்சொல்லைச் சேமித்துச் சரிபார்க்கும் புதிய முறை) ரகசியம் இல்லை என்ற குறிப்பும், இணைப்பு விதிகள் உள்ள பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பின் எந்த வரி என் இணைப்புக்குப் பொருந்தியது என்ற எண்ணும் இருந்தன.

அந்த வரி எண்ணே பாதி விடை. வருபவரிடம் கடவுச்சொல் கேட்பதா, கேட்டால் எந்த முறையில் கேட்பது என்பதைப் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இணைப்பின் வகை, தரவுத்தளம், பயனர், முகவரி ஆகிய நான்கும் பொருந்தும் முதல் வரியோடு அது நின்றுவிடும்; அந்த வரியில் தோற்றால் அடுத்த வரிக்கு இறங்கிப் பார்க்காது. டெபியன், உபுண்டு கணினிகளில் பலரும் முதல் நாளிலேயே சந்திக்கும் 'பீர்' அங்கீகாரப் பிழையும் இப்படிப்பட்டதே. முகவரி எதுவும் தராமல் போஸ்ட்கிரெஸின் கட்டளைவரி நிரலான பிஎஸ்கியூஎல்லை இயக்கினால் இணைப்பு, ஒரே கணினிக்குள் நிரல்களை இணைக்கும் யுனிக்ஸ் சாக்கெட் வழியாகச் சென்று 'லோக்கல்' வரியில் விழுகிறது. அங்கே கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை, இயங்குதளப் பயனரின் பெயரும் தரவுத்தளப் பயனரின் பெயரும் ஒன்றா என்றுதான் பார்க்கப்படுகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்று முகவரி தந்தால் 5432ஆம் போர்ட் வழியாகச் சென்று 'ஹோஸ்ட்' வரியில் விழும், கடவுச்சொல் கேட்கப்படும்.

என் சிக்கல் வேறு. பழைய தரவுத்தளத்தில் கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய முறையின் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன, புதிய சர்வரின் வரியோ ஸ்க்ராம்-ஷா-256 கேட்டது. எம்டி5 முறையில் கடவுச்சொல்லையும் பயனர் பெயரையும் ஒட்டி ஒரே ஒரு முறை ஹாஷ் செய்து (மூலத்தை மீட்க முடியாத குறியீடாக மாற்றி) வைக்கிறார்கள். இணையும்போது சர்வர் 4 பைட் அளவுள்ள ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, அதோடு சேமித்த ஹாஷைச் சேர்த்து மீண்டும் ஹாஷ் செய்து அனுப்பினால் போதும். ஆகவே பழைய பேக்கப் ஒன்று யார் கையிலாவது சிக்கினால், மூலக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் சிரமமே இல்லாமல், அதிலுள்ள ஹாஷைக் கொண்டே அவர் உள்ளே நுழைந்துவிடலாம். இத்தனை ஆண்டுகள் அந்தப் பேக்கப்புகளை எவ்வளவு அலட்சியமாக வைத்திருந்தோம் என்பதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

2017இல் வந்த 10ஆம் பதிப்பு சேர்த்த ஸ்க்ராம் முறை இந்தக் குறையை அடிப்படையிலேயே நீக்குகிறது. ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் 'உப்பு' எனப்படும் தனித்தனி தற்செயல் மதிப்பைச் சேர்த்து, இயல்பாக 4096 சுற்றுகள் ஹாஷ் செய்து, அதிலிருந்து பெற்ற இரு சாவிகளை மட்டுமே சர்வர் வைத்துக்கொள்கிறது. அவற்றைத் திருடியவர் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பயனராக நடிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபாதி: பயனர் தம்மை நிரூபித்த பிறகு சர்வரும் தன்னை நிரூபிக்க வேண்டும். 2021இல் வெளியான 14ஆம் பதிப்பு முதல் கடவுச்சொற்களைச் சேமிக்கும் இயல்பு முறை இதுவே.

ஹாஷிலிருந்து கடவுச்சொல்லை மீட்க முடியாது என்பதால் எம்டி5ஐ ஸ்க்ராமாக மாற்றித் தரும் கருவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கடவுச்சொல்லையும் புதிதாக வைத்தே ஆக வேண்டும். கோப்பு வரியில் எம்டி5 என்று எழுதியிருந்தாலும், பயனரின் கடவுச்சொல் ஸ்க்ராம் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தால் போஸ்ட்கிரெஸ் தானாகவே ஸ்க்ராமைப் பயன்படுத்தும் என்பது இங்கே பெரிய உதவி. எனவே அந்த வரியைத் தற்காலிகமாக எம்டி5 ஆக்கி, சர்வரை நிறுத்தாமல் கோப்பை மட்டும் மறுபடி படிக்கச் செய்து, பயனர்களை ஒவ்வொருவராக மாற்றினேன். இதற்கு ஆல்டர் ரோல் கட்டளையில் கடவுச்சொல்லை எழுதுவதைவிட, பிஎஸ்கியூஎல்லின் \பாஸ்வேர்ட் கட்டளையே நல்லது. அது நம் பக்கத்திலேயே ஹாஷ் செய்து அனுப்புவதால், கடவுச்சொல் லாக் கோப்பில் வெளிப்படையாகப் பதிவாக வாய்ப்பில்லை.

ஓர் அறிக்கை நிரல் மட்டும் முரண்டு பிடித்தது. போஸ்ட்கிரெஸுடன் இணைய அது பயன்படுத்திய லிப்பிகியூ என்ற டிரைவர் 10ஆம் பதிப்புக்கு முந்தையது என்பதால் அதற்கு ஸ்க்ராம் தெரியாது; டிரைவரைப் புதுப்பித்த பிறகே அதன் கடவுச்சொல்லைத் தொட்டேன். பேக்கப் நிரலில் அப்படியே எழுதிவைத்திருந்த கடவுச்சொல்லையும் எடுத்து, உரிமை 0600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) என்று அமைத்த, இணைப்புக் கடவுச்சொற்களுக்கான .பிஜிபாஸ் கோப்புக்கு நகர்த்தினேன். குழுவுக்கோ பிறருக்கோ அனுமதி திறந்திருந்தால் அந்தக் கோப்பைப் போஸ்ட்கிரெஸ் பொருட்படுத்தாது.

ஞாயிறு மாலை, பயனர் கணக்குகளைக் கொண்ட பிஜி_ஆத்ஐடி அட்டவணையில் எம்டி5 என்று தொடங்கும் கடவுச்சொற்கள் எத்தனை என்று கேட்டேன். பூஜ்ஜியம் என்று வந்ததும் அந்த வரியை மீண்டும் ஸ்க்ராம்-ஷா-256 ஆக்கி, கோப்பை மறுபடி படிக்கச் செய்தேன்.