சாகாத அரசிக்கு ஓர் ஆலமரம்

மறைந்த காட்டரசு ஒன்று, அதைத் தன் மந்திரத்தால் காத்து நிற்கும் சாவில்லாத எல்ஃப் அரசி (எல்ஃப் என்பது மேலைநாட்டுக் கதைகளில் வரும் கூர்க்காதுக் காட்டுவாசி). இதை ஓரடி உயரக் காட்சியாகச் செய்வதென்று ஆனியில் தொடங்கினேன். இப்போது ஆவணி. அரசிக்கு ஒரு கை இல்லை, மற்றபடி நலம்.

உருவம் 18 சென்றிமீற்றர். சாதாரண ஆளின் உயரம் ஏழரைத் தலை, அதாவது தலையின் உயரத்தைப்போல் ஏழரை மடங்கு என்பது கணக்கு. எல்ஃப் என்றால் ஒடிசலாக இருக்கவேண்டுமே என்று எட்டரைத் தலை வைத்தேன். செப்புக் கம்பியில் எலும்புக்கூடு, மேலே அலுமினியத் தாள், அதன்மேல் இரண்டு உருண்டையைச் சம அளவில் பிசைந்தெடுக்கும் எபொக்சி புட்டி. கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் மத்தியான வெக்கைக்கு, மூக்கு வைப்பதற்குள் அது இறுகத் தொடங்கிவிடுகிறது. அதனால் இரவில்தான் வேலை. விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளாவிட்டால் முகம் விரலோடு வந்துவிடும். எனக்கு இரண்டு தடவை வந்தது.

காது கூராக வந்ததும் அம்மம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, இவவுக்கு நரியின்ர காது வைச்சிருக்கிறாய்?" எல்ஃபை எப்படி விளக்குவது? வனதேவதை மாதிரி, ஆனால் கோயில் இல்லை, பொங்கல் இல்லை என்றேன். "அப்ப பாவம்" என்றார்.

உண்மையான சிக்கல் முகம். சாவில்லாதவள் என்பதை எப்படிக் காட்டுவது? சுருக்கம் கீறினால் கிழவி. வழுவழுப்பாக விட்டால் நகைக்கடை விளம்பரம். நாலு முகம் சுரண்டி எடுத்த பிறகுதான் கொல்லிப்பாவை ஞாபகம் வந்தது. நற்றிணை 201இல் பரணர் சொல்லும் பாவை: காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு மாறாமல் கொல்லிமலையில் நிற்பவள். கண் இப்படி, மூக்கு இப்படி என்ற வர்ணனையே அங்கே கிடையாது. சுற்றி என்னவெல்லாம் நடக்கிறது என்பதுதான் இருக்கிறது. சரி, வயதை மரத்தில் போடுவோம்.

மரத்துக்கு, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் ஒதுங்கிய கட்டை. இரண்டு நாள் காயவைத்து பெயின்ற் அடித்தேன். ஒரு கிழமையில் பெயின்ற்றுக்கு மேலால் வெள்ளையாகப் பூத்துவிட்டது, உப்பு! எல்லாவற்றையும் சுரண்டி, கிணற்றுத் தண்ணீர் வாளியில் பத்து நாள், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்தேன். நாக்கில் வைத்துக் கரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் வெயிலில் போட்டேன். கடற்கட்டை எடுப்பவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

விழுதுகள் தும்பில். தும்புக்கயிற்றைப் பிரித்து, தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையில் நனைத்து, நுனியில் ஒரு துணிக் கிளிப்பைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராக இறங்கும். மூன்று விழுதை அவளுடைய பாவாடை விளிம்பின் மேலாக இறக்கி நிலத்தில் ஊன்றினேன். ஒன்று பாதத்தை மூடிவிட்டது. எத்தனை காலம் அசையாமல் நிற்கிறாள் என்பது அதில் தெரிகிறது. முகத்தை வழுவழுப்பாகவே விட்டுவிட்டேன். நிலத்துக்குத் தேயிலைச் சக்கை. நன்றாகக் காயவேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம்.

அரசு மறைந்திருக்கவேண்டும் அல்லவா? கட்டையின் பொந்துக்குள் காட்போட் மட்டையில் மூன்று மாடி, நகத்தளவு ஜன்னல்கள், இரண்டு மஞ்சள் எல்.இ.டி., ஒரு 3 வோல்ட் பட்டன் பற்றறி. முன்னால் நின்றால் வெறும் மரம். குனிந்து விழுதுகளுக்கு இடையால் பார்த்தால்தான் வெளிச்சம். வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் காணாமலே போய்விட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

காவலுக்கு ஒரு புள்ளிமான். திருகோணமலையில் இருந்துகொண்டு மானுக்குப் படம் தேடுவானேன்? கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் சும்மா நின்றால் போதும். நான் புள்ளிகளைக் கண்டபடி வைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் முதுகோரம் வரிசையாக ஓடுகின்றன, வயிற்றோரம் ஒன்றோடொன்று சேர்ந்து கோடு மாதிரி. திரும்பி வந்து மாற்றினேன்.

அப்புறம் அந்தக் கை. மந்திரம் போடும் பாவனையில் உள்ளங்கையை முன்னால் நீட்டி வைத்திருந்தேன். தம்பி பார்த்துவிட்டு, "ட்ராஃபிக் பொலிஸ் மாதிரி நிக்கிறா" என்றான். அதற்குப் பிறகு என் கண்ணுக்கும் அவள் பொலிஸ்தான். முழங்கையோடு வெட்டிவிட்டேன். மானின் கழுத்தில் கையை வைத்தால் நன்றாக இருக்கும். ஆனால் மான் 4 சென்றிமீற்றர் தள்ளி நிற்கிறது, பசையும் இறுகிவிட்டது.