ஆயில் மாற்றியபின் சிமிட்டிய சிவப்பு விளக்கு: மூன்றாவது வாரம்

நேற்று இரவு இருபத்தைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் விட்டு, பத்து நிமிடம் மீட்டர் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. மூன்று வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த விளக்கு. அணைந்த சந்தோஷம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன்.

வண்டி 12 வருடம் ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல். 1,38,000 கிலோமீட்டர். ஃபில்டர், டப்பாவோடு திருகும் வகை கிடையாது. மேலே பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே காகித ஃபில்டரை மட்டும் மாற்றும் வகை. ஆயில் மாற்றியது எப்போதும்போலத்தான்: அதே 5டபிள்யூ-30 (கடைசி 30தான் சூட்டில் ஆயிலின் தடிப்பைச் சொல்லும் கிரேடு), அதே அளவு, டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். முதல் ஸ்டார்ட்டில் விளக்கு மூன்று விநாடி எரிந்து அணைந்தது. காலியான ஃபில்டர் அறை நிரம்பும்வரை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு சிக்னலில் நின்றபோது, 750 ஆர்பிஎம்மில், சிவப்பு மெல்லத் துடித்தது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு ஆயிரத்துக்குக் கொண்டுபோனதும் அணைந்தது. காலை எடுத்தால் மறுபடி துடிப்பு.

ஓரம் கட்டி அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக நின்றது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை.

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஸ்விட்ச் போயிருக்கும், மாத்திடுங்க." ஆயில் அழுத்தத்தைப் பார்த்து விளக்கை எரியவும் அணையவும் வைக்கும் ஸ்விட்ச்சைச் சொன்னார்கள். இன்னும் சிலர், தடித்த 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். இந்த இரண்டாவது யோசனையின் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். தடித்த ஆயில் ஊற்றினால் விளக்கு அணையும், சரிதான். ஆனால் ஏன் எரிந்தது என்பது அப்படியே உள்ளே இருக்கும். 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 50 கிரேடுக்கு அது 16.3-இல் தொடங்குகிறது. 30 கிரேடுக்கென்று இடைவெளி வைத்துச் செய்த பேரிங்குக்கு (சுழலும் தண்டை ஆயில் படலத்தின் மேல் தாங்கும் பாகம்) அதைக் கொடுப்பது, காய்ச்சல்காரரிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி வைப்பதுபோல.

ஸ்விட்ச் சோதனை அரை மணி நேர வேலை. என் வண்டியில் ஒற்றை ஒயர். அழுத்தம் இல்லாதபோது ஸ்விட்ச் உள்ளே எர்த்தோடு சேர்ந்திருக்கும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறினால் பிரியும், விளக்கு அணையும். இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஒயரைக் கழற்றினேன்: அணைந்தது. ஒயர் நுனியை இன்ஜின் பிளாக்கில் தொட்டேன்: எரிந்தது. ஆக, ஒயரிங்கில் குற்றமில்லை. (சில புதிய வண்டிகளில் இது தலைகீழாக வேலை செய்யும், ஒயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடவும்.) புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டேன். சூடானதும் அதே 750-இல் அதே துடிப்பு. இரண்டாவது வாரம் இப்படிப் போயிற்று.

இனி அளந்து பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் கேஜ் செட் ஒன்று: ரப்பர் குழாய், டயல், ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் குழாயைத் திருக ஒரு பெட்டி நிறைய அடாப்டர்கள். இந்த அடாப்டர்தான் முழு வேலையிலும் என்னை அதிகம் படுத்தியது, அதனால் அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் திருகு மரையில் பரவலாகப் பார்ப்பது மூன்று அளவு: எம்10 × 1, எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பி, எட்டில் ஒரு அங்குல என்பிடி. கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் உடன்பிறந்தவைபோல இருக்கும். எம்10-இல் மரைக்கு மரை தூரம் 1 மில்லிமீட்டர். பிஎஸ்பியில் ஒரு அங்குலத்துக்கு 28 மரை, அதாவது 0.907 மில்லிமீட்டர். என்பிடியில் 27 மரை, 0.941 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு முடியளவுதான். அதனால் தப்பான அடாப்டரும் முதல் இரண்டு சுற்று கையாலேயே சுகமாக உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். "டேப்பர் (நுனி குறுகிய) மரைதானே, இறுகத்தான் செய்யும்" என்று நினைத்து ஸ்பேனரை எடுத்தால் கதை முடிந்தது. ஸ்விட்ச் உட்காரும் இடம் அலுமினிய ஹவுசிங். எஃகு அடாப்டர் அதன் மரையை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

என் பெட்டியில் எந்த அடாப்டரிலும் அளவு பொறிக்கவில்லை. அதற்கு நான் கண்ட வழி, கழற்றிய பழைய ஸ்விட்ச்தான். ஸ்விட்ச்சின் மரையையும் அடாப்டரின் மரையையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, பல்லோடு பல் பொருந்தும்படி அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். முதல் மூன்று பல் எதுவானாலும் பொருந்தும், அதை நம்பக் கூடாது. ஆறாவது, ஏழாவது பல்லைப் பார்க்க வேண்டும். பிஎஸ்பியில் அங்கே பல் நுனிமேல் நுனி ஏறி நின்றது, கீழே நூல்போல வெளிச்சம் கசிந்தது. எம்10-இல் கடைசிப் பல் வரை இருட்டு. அதைத்தான் போட்டேன், புதுச் செம்பு வாஷரோடு. எம்10 நேர் மரை, அடைப்பது வாஷர்தான். டெஃப்லான் டேப் வேண்டாம். ஒரு நூல் பிய்ந்து ஆயில் வழியில் போனாலும் ஆபத்து.

இடையில் ஒரு குறிப்பு. செட்டில் வரும் அடாப்டரை நம்புவதைவிட, ஹைட்ராலிக் குழாய் செய்து கொடுக்கும் கடையில் பழைய ஸ்விட்ச்சைக் காட்டி ஒரே ஒரு அடாப்டர் வாங்குவது மேல். அவர்களிடம் மரை அளக்கும் சீப்பு இருக்கும், வைத்துப் பார்த்து உடனே சொல்லிவிடுவார்கள். டயல் வாங்கும்போது சின்னக் கோடு எவ்வளவு என்று பாருங்கள். 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) டயலில் நமக்குத் தேவையான 0.3-க்கும் 0.6-க்கும் வித்தியாசமே தெரியாது. 7 பாருக்கு மேல் வேண்டியதில்லை. சின்னக் கோடு 0.2 இருந்தால் நல்லது.

சரி, அளவுகள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் 4.6 பார். அருமை. பிறகு 1500-இல் பிடித்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருந்தேன். தண்ணீர் சூடாகிவிட்டதாக மீட்டர் காட்டினாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும், இதில் அவசரப்பட்டால் அளவு பொய் சொல்லும். முழுச் சூட்டில் 3000-இல் 2.7 பார். 750-இல் முள் சரிந்து 0.4-க்குக் கீழே வந்து நடுங்கியது. இதுபோன்ற ஸ்விட்ச்சுகள் பெரும்பாலும் 0.3-க்கும் 0.5-க்கும் இடையில்தான் பிரியும். அப்படியானால் பழைய ஸ்விட்ச்சும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, புதுசும் உண்மையைத்தான் சொல்கிறது. உடனே அணைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை பேப்பரில் எழுதி யோசித்தேன். ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஆயிலைத்தான் தள்ளும். 3000-இல் தள்ளுவதில் நாலில் ஒரு பங்கைத்தான் 750-இல் தள்ளும். எங்கோ ஒரு ஓட்டை இருந்தால் வேகத்தில் பம்ப் அதையும் மீறி நிரப்பிவிடும், ஐடிலில் ஓட்டை ஜெயிக்கும். ஆயில் சூட்டில் இளகினால் ஓட்டைக்கு இன்னும் வசதி. குளிரில் 4.6, சூட்டில் 0.4 என்பதற்கு இது பொருந்துகிறது. பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஆனால் பேரிங் ஒரே மதியத்தில், அதுவும் ஆயில் மாற்றிய மதியத்தில், தேயாது. அன்று நான் தொட்ட இடங்கள் இரண்டுதான்: டிரெயின் போல்ட், ஃபில்டர் மூடி. வெளியே கசிவில்லை. அப்படியானால் ஓட்டை உள்ளுக்குள்.

மூடியைத் திறந்தேன். நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தண்டு இறங்குகிறது, அதன் நுனியில் சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சின்னதாக ஒரு ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). ஃபில்டர் அறையின் அடியில், சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போகும் ஒரு வடிகால் துளை. மூடியைத் திருகிக் கழற்றும்போது தண்டு மேலே எழுந்து துளை திறக்கும், அறையிலுள்ள ஆயில் வழியாமல் சம்ப்புக்கு இறங்கிவிடும். மூடினால் தண்டின் நுனி துளைக்குள் உட்காரும், அந்தச் சின்ன ரிங் அடைக்கும். அடைக்கவில்லை என்றால், பம்ப் அனுப்புவதில் ஒரு பங்கு பேரிங் பக்கமே போகாமல் நேராக சம்ப்புக்குத் திரும்பிவிடும்.

ஃபில்டரோடு வந்த பொட்டலத்தில் ஒரு பெரிய ரிங், ஒரு சின்ன ரிங் இருந்தன. பெரியதை மாற்றினேன். சின்னது வேறு மாடலுக்கானது என்று நினைத்து டப்பாவில் போட்டு வைத்தேன். இது என் தவறு.

பழைய சின்ன ரிங்கை வெளிச்சத்தில் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய அதன் தடிமன் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. புது ரிங்கில் நகத்தை எடுத்ததும் மறைந்துவிட்டது. ஓர் இடத்தில் எள்ளளவு பிய்ந்திருந்தது. இத்தனை வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து இறுகிப் போனது, இம்முறை நான் கழற்றித் திருப்பி மாட்டியதில் உடைந்திருக்கிறது.

புது ரிங்கை ஆயிலில் நனைத்து, முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் உருட்டி உட்கார வைத்தேன். மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று வார்த்திருக்கிறது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் அதே அளவு. மறுபடி கேஜ்: முழுச் சூட்டில் 750-இல் 1.2 பார், 3000-இல் 3.6. முள் கல்போல நின்றது. அந்த நிமிடத்தின் நிம்மதியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேஜைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச்சைப் போட்ட பிறகுதான் நேற்று இரவு ரோட்டுக்கு எடுத்தேன். கொதிக்கும் ஆயில் நிறைந்த ரப்பர் குழாயோடு ஓட்டக் கூடாது.

பழைய காகித ஃபில்டரை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன், காந்தமும் தடவினேன். உலோகத் துகளின் மினுமினுப்பு எதுவும் ஒட்டவில்லை.

பிய்ந்த அந்த எள்ளளவுத் துணுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வடிகால் வழியே சம்ப்புக்குத்தான் போயிருக்க வேண்டும், பேரிங் பக்கம் போக வழியில்லை. மேலே ஏறப் பார்த்தாலும் பம்ப் ஸ்ட்ரெய்னரின் வலை பிடித்துக்கொள்ளும். ஆனாலும் சம்ப்பைக் கழற்றி அந்த வலையை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் மனம் ஆறாது. சம்ப் சீலன்ட் வாங்கிவிட்டேன். பழைய பசையைச் சுரண்டப் பிளாஸ்டிக் பிளேடு தேடிக்கொண்டிருக்கிறேன். இரும்பு பிளேடு அலுமினியத்தில் கோடு போட்டுவிடும். ஸ்விட்ச்சோடு சேர்த்து நிரந்தரமாக ஒரு அழுத்த மீட்டர் பொருத்த ஆங்கில T வடிவில் மூன்று வாய் கொண்ட டீ அடாப்டர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எம்10 × 1 என்று அதன் உடம்பிலேயே பொறித்திருக்கிறது.