அமெரிக்கக் கல்லூரியின் எழுத்து வகுப்பு: கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாலும் உயிரியல் சேர்ந்தாலும் முதலாண்டில் ஓர் எழுத்து வகுப்பை முடித்தாக வேண்டும். கம்போசிஷன், ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங் என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். பிளஸ் டூ வரை ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட முதல் கட்டுரைக்கு 'சி' வாங்கித் திகைப்பதுண்டு. பெரும்பாலும் மொழி அதற்குக் காரணமில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து தயாராகும் பழக்கம் இங்கே செல்லாது. கட்டுரை உருவாகும் ஒவ்வொரு படிக்கும் இங்கே மதிப்பெண் உண்டு.

முதல் வாரத்திலேயே சிலபஸை அச்செடுத்துக்கொள்ளுங்கள். 15 வார செமஸ்டரில் பொதுவாக 3 அல்லது 4 பெரிய கட்டுரைகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் கெடு ஒன்றல்ல. தலைப்பு முன்மொழிவு, முதல் வரைவு, சக மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் பியர் ரிவியூ, இறுதி வடிவம் என்று நான்கு தேதிகள் வரும். நான்கையும் நாள்காட்டியில் ஏற்றுங்கள். பிறகு தாமத விதியைப் படியுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு 'பி பிளஸ்' வெறும் 'பி'யாக இறங்குவது பரவலான விதி. சில வகுப்புகளில் காரணம் கேட்காமலே இரண்டு மூன்று சலுகை நாட்கள் தருவார்கள். அவற்றை முதல் கட்டுரையிலேயே செலவழித்துவிட்டால், எல்லாப் பாடங்களும் ஒரே நேரத்தில் நெருக்கும் 13-ஆம் வாரத்தில் கையில் எதுவும் இருக்காது.

நான்கு கெடுக்களில் பலர் அலட்சியம் செய்வது பியர் ரிவியூவைத்தான். அன்று அரைப் பக்கத்தோடு வருபவருக்கு அரைப் பக்கத்துக்கான கருத்துதான் கிடைக்கும். வராமலே இருந்தால், அந்த மதிப்பெண்ணைப் பிறகு ஈடுகட்ட வழி தராத ஆசிரியர்களே அதிகம். அதனால் முழு வரைவு முடிய வேண்டிய நாளையே உண்மையான கெடுவாக வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

ஐந்து பக்கக் கட்டுரைக்கு இரண்டு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பிராம்ப்ட்டை, அதாவது ஆசிரியர் கொடுத்த கட்டுரைக் கேள்வியை, மூன்று முறை படித்து, அதிலுள்ள வினைச்சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். 'அனலைஸ்' என்பது வேறு, 'ஆர்க்யூ' என்பது வேறு, 'சம்மரைஸ்' முற்றிலும் வேறு. அடுத்த மூன்று நாட்கள் வாசிப்புக்கும் குறிப்புக்கும். ஐந்தாம் நாள் தீசிஸை, அதாவது கட்டுரை நிறுவப்போகும் மையக் கருத்தை, ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அதை மறுத்து ஒருவர் நியாயமாக வாதிட முடியாது என்றால் அது தீசிஸ் இல்லை, வெறும் தகவல். ஆறு முதல் எட்டு வரை வரைவு. ஒன்பதாம் நாளுக்கு, கட்டுரை எழுத உதவும் கல்லூரியின் ரைட்டிங் சென்டரில் நேரம் வாங்குங்கள். செமஸ்டர் நடுவிலும் கடைசியிலும் அங்கே இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், பிராம்ப்ட் கைக்கு வந்த நாளிலேயே பதிவு செய்துவிட வேண்டும். உங்கள் இலக்கணத்தைத் திருத்திக் கொடுப்பது அங்கிருப்பவர்களின் வேலையல்ல. "எனக்கு மூன்றாம் பத்தி ஒட்டவில்லை, ஏன்?" என்பதுபோல் குறிப்பான கேள்வியோடு போனால் அந்த அரை மணி நேரம் பயன்படும். மீதி நாட்கள் முழுக்கத் திருத்தத்துக்கு. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் அடங்காத பத்தியை உடைக்க வேண்டும். இரண்டு பத்திகளுக்கு ஒரே வரி வந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

நம் மாணவர்கள் அதிகம் சறுக்குவது ரெட்டோரிகல் அனாலிசிஸ் என்ற கட்டுரையில். ஒரு பிரதி என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, அது வாசகரை எப்படி இணங்க வைக்கிறது என்று காட்ட வேண்டிய கட்டுரை அது. மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் பல வகுப்புகளில் இதற்காகக் கொடுக்கப்படுகிறது. 'கிங் இனப் பாகுபாட்டை எதிர்த்தார், அது சரியே' என்று ஐந்து பக்கம் எழுதினால் மதிப்பெண் வராது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்: அவருடைய போராட்டத்தைக் குறை கூறிய எட்டு வெள்ளையின மதகுருமார்களுக்கு. அதனால்தான் அவர் கிறிஸ்தவ இறையியலாளர்களான அகஸ்டினையும் அக்வினாஸையும் துணைக்கு அழைக்கிறார். மதகுருக்கள் தள்ள முடியாத சாட்சிகள் அவர்கள். காத்திருக்கச் சொன்னவர்களுக்கு மறுமொழியாக, கறுப்பின மக்கள் படும் கொடுமைகளை அடுக்கிக்கொண்டே போகும் ஒரு மிக நீண்ட வாக்கியம் வருகிறது. அது முடிவதற்காக வாசகர் காத்திருக்க நேர்கிறது. காத்திருப்பின் பாரத்தை வாக்கியத்தின் அமைப்பே உணர்த்திவிடுகிறது. இப்படி ஓர் உத்தி, அது இயங்கும் விதம், இந்த வாசகரிடம் அது ஏன் எடுபடும் என்ற மூன்றும் ஒரு பத்திக்குள் வந்தால் அது அனாலிசிஸ்.

மேற்கோள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பாடநூல் வாக்கியத்தை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்ற வழியில் வந்தவர்களுக்கு, மூலத்தின் வாக்கியத்தில் நாலைந்து சொற்களை மட்டும் மாற்றுவது தவறாகவே தோன்றாது. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் வரும் இயல்பான தடுமாற்றம் என்பது அவர் வாதம். ஆனால் பல கல்லூரிகளின் விதிகளில் இது கருத்துத் திருட்டுக் கணக்கில்தான் சேரும். தப்பிக்கும் வழி எளியது: மூலத்தைப் படித்து மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து சரிபாருங்கள். சொற்கள் உங்களுடையவை ஆனாலும் கருத்து மூல ஆசிரியருடையது என்பதால் மூலத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பிற மூலங்களோடு கட்டுரையை ஒப்பிடும் மென்பொருளான டர்னிடின் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். முறையான மேற்கோள்களும் நூற்பட்டியலும்கூட அதில் சேர்ந்துவரும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான விதி ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், சிலபஸில் பாருங்கள். கட்டுரை முழுவதையும் ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதி வந்தால், நாளை யாரேனும் சந்தேகப்பட்டாலும் அதன் பதிப்பு வரலாறு உங்களுக்காகப் பேசும்.

வடிவம் பெரும்பாலும் எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) வகுத்த முறை: நான்கு பக்கமும் 1 அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, பத்தித் தொடக்கத்தில் அரை அங்குலம், நூற்பட்டியல் தனிப் பக்கத்தில். 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய 250 முதல் 300 சொற்கள் கொள்ளும். வலது மேல் மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும் வர வேண்டும். இனிஷியலோடு வாழும் நமக்கு இது குழப்பம் தரும். பல்கலைக்கழகப் பதிவேட்டில் 'லாஸ்ட் நேம்' என்ற இடத்தில் எது இருக்கிறதோ, அது அப்பா பெயராக இருந்தாலும், அதையே எல்லாக் கட்டுரையிலும் போடுங்கள்.

கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் கெடுவுக்கு 48 மணி நேரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம்; 'டியர் ப்ரொஃபசர்' என்று போட்டு அவர் குடும்பப் பெயரை எழுதுங்கள். இதுவரை முடித்தது எவ்வளவு, எந்த நாளில் தர முடியும் என்று நான்கு வரி போதும். இருக்கிற வரைவையும் இணையுங்கள். மிகவும் பின்தங்கி வகுப்பையே விட்டுவிட நினைத்தால், எஃப்-1 விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எந்தப் பாடத்தையும் கைவிடக் கூடாது.

கெடு ஞாயிறு இரவு 11:59 என்றால் மதியமே ஏற்றிவிடுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தால், கட்டுரைகளை ஏற்றும் இணையதளமான கேன்வாஸில் உங்கள் கணக்கின் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள். அங்கே 'டியூ' என்பது தாமதக் கணக்கு தொடங்கும் நேரம். 'அன்டில்' என்று ஒரு தேதி இருந்தால் அதற்குப் பின் எதுவும் ஏறாது. கூகுள் டாக்ஸ் இணைப்பைக் கொடுத்தால் அனுமதி பூட்டியிருக்கக்கூடும், அதனால் வேர்டு அல்லது பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். ஏற்றிய பின் அதே பக்கத்தில் கோப்பைத் திறந்து, போனது பழைய வரைவா இறுதி வடிவமா என்று கடைசிப் பக்கம் வரை பாருங்கள்.