கஞ்சி கடல் கடந்த கதை

என் மூன்றாவது நாவல் தமிழில் வந்தது 2016இல். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கிலாந்துக் கடைகளுக்குப் போனது 2025 செப்டம்பரில். நடுவில் ஒன்பது வருடம். "எப்படிய்யா உள்ளே போனாய்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் குடும்பம் ஒன்றின் கதை அது. 500 பிரதி அச்சிட்டோம், விற்று முடிக்க இரண்டு வருடம் ஆனது. படித்த சிலர், "இதை இங்கிலீஷில் கொண்டுபோனால் எங்கேயோ போகும்" என்றார்கள். நானும் நம்பினேன். நல்லதாக ஒரு மொழிபெயர்ப்பு, அதை வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல், அவர்கள் நாவலைப் படிப்பார்கள், பிடித்தால் போடுவார்கள். இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்திருந்தேன்.

அங்கே முடிவெடுக்கிற ஆளுக்குத் தமிழ் தெரியாது. முழு மொழிபெயர்ப்பும் கையில் இருக்காது, அதற்குக் காசு கொடுப்பதே அவர்தான். ஆக அவர் படிப்பது முப்பது பக்க மாதிரி, இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது கொடுக்கும் ஓர் அறிக்கை. அவரைப் பொறுத்தவரை அந்த முப்பது பக்கம்தான் நாவல். இது புரியவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

முதல் மாதிரியை ஒரு கல்லூரிப் பேராசிரிய நண்பர் செய்தார். அத்தியாயம் ஒன்றிலிருந்து வரிசையாக முப்பது பக்கம். என் முதல் அத்தியாயத்தில் கோயில் திருவிழா, ஏழு பங்காளிகள், அவர்கள் மனைவிமார், யார் யாருக்கு என்ன முறை என்கிற விவரம். நம் ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்து படிப்பார்கள். எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் நூலை விற்றுக் கொடுக்கும் லண்டன் இலக்கிய முகவர் ஏன் படிக்க வேண்டும்? 2018இலும் 2019இலும் 41 முகவர்களுக்கு அனுப்பினேன். 17 பேர் பதில் போட்டார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: எழுத்து பிடித்தது, ஆனால் இதன் மேல் காதல் வரவில்லை. முதல் தடவை படித்தபோது சங்கடமாக இருந்தது. ஐந்தாவது தடவைதான் அது அங்கே எல்லோரும் வைத்திருக்கும் அச்சடித்த பதில் என்று விளங்கியது. "எங்கள் பட்டியலில் ஏற்கெனவே ஓர் இந்திய எழுத்தாளர் இருக்கிறார்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மையான பதில், அந்த வகையில் மரியாதையானது.

இன்னொரு வகை ஆட்களும் வந்தார்கள். ஃபிராங்ஃபர்ட் புத்தகக் காட்சியில் உங்கள் நூலை வைக்கிறோம், 399 டாலர் கட்டுங்கள் என்றார்கள். நான் கட்டவில்லை, என் நண்பர் ஒருவர் கட்டினார். எங்கோ ஒரு மேசையில் நாற்பது புத்தகங்களோடு அவர் புத்தகமும் கிடக்கும் போட்டோ ஒன்று வந்தது, அதோடு சரி. ஒழுங்கான முகவர் நம்மிடம் முன்பணம் கேட்கமாட்டார். புத்தகம் விற்றால் உள்நாட்டு உரிமைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் என்று தன் பங்கை எடுத்துக்கொள்வார்.

திருப்பம் 2020இல் வந்தது, மொழிபெயர்ப்பாளர் வடிவில். மான்செஸ்டரில் இருக்கும் தமிழ்ப் பெண்மணி. தமிழ்ப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு அவராகவே எழுதினார். பேச்சு தொடங்கிய முதல் வாரத்திலேயே, "முதல் அத்தியாயத்தை வெட்டுங்கள் சார், ஆறாவது அத்தியாயத்திலிருந்து மாதிரி செய்கிறேன்" என்றார். கோபம் வந்தது. பத்து நாள் கழித்து வெட்டினேன். தமிழில் அடுத்த பதிப்பிலும் அந்தத் திருவிழா இல்லை, யாரும் தேடவில்லை.

அதே வருடம் இந்திய ஆங்கிலப் பதிப்பகம் ஒன்று ஒப்பந்தம் அனுப்பியது. பேனாவை எடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளர்தான் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார்: உலகம் முழுவதற்குமான ஆங்கில உரிமை. கையெழுத்துப் போட்டால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்கும் அதிகாரம் அவர்களுக்குப் போய்விடும். அவர்கள் விற்பார்களா என்றால், விற்கலாம், விற்காமலும் இருக்கலாம்.

எனக்கு அவர் சொன்ன உதாரணம் பெருமாள்முருகனின் 'பூக்குழி'. தமிழில் 2013. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பு இந்தியாவில் 2016. லண்டனின் புஷ்கின் பிரஸ் பதிப்பு 2022. மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல் 2023. ஆங்கிலத்தில் வந்த பிறகும் ஆறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது ஏனென்றால், பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியான மொழிபெயர்ப்புதான் அந்தப் பரிசுக்குத் தகுதி. டெல்லியில் அச்சாகும் ஆங்கிலப் பதிப்பு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது.

"உலகம் முழுவதும்" என்பதை அடித்துவிட்டு "இந்தியத் துணைக்கண்டம்" என்று எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் மௌனம். பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கையில் வந்ததைத் தட்டிவிட்டேனோ என்று இரண்டு வருடம் அடிக்கடி தோன்றியது.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். வெளிநாட்டில் யார் வாங்கினாலும், மொழிபெயர்ப்பு உரிமை உங்களிடம்தான் இருக்கிறது என்பதற்குக் காகிதம் கேட்பார்கள். எனக்கும் என் தமிழ்ப் பதிப்பாளருக்கும் இருந்தது ஒரு டீக்கடைப் பேச்சு மட்டும்தான். கடிதம் கேட்டதும், "நமக்குள்ள எதுக்குத் தம்பி பேப்பரு?" என்று அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. தாளில் எழுதி, முத்திரை குத்தி, பிறகு ஒரு மாதம் பேசவில்லை. புது நூல் போடுகிற யாரும் இதை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜனவரியில் நந்தனத்தில் முதல் சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி நடந்தபோது நானும் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்தேன். தமிழிலிருந்து மொழிபெயர்க்கும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அரசு நல்கை, அதாவது நிதியுதவி, உண்டு என்பதால் நல்ல கூட்டம். ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன், போட்டோ எடுத்துக்கொண்டோம். அது புரிந்துணர்வோடு நின்றது. ஆனால் அங்கே ஒன்றைப் பழகினேன்: நாவலை ஒரு நிமிடத்தில் சொல்வது. ஒரு நாளில் பதினான்கு தடவை சொன்னால் எந்த வாக்கியத்தில் எதிராளி போனைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

வழி கடைசியில் திறந்தது மொழிபெயர்ப்பாளர் பக்கமாகத்தான். இங்கிலாந்துச் சிறுபதிப்பகங்கள் சில, வருடத்தில் குறிப்பிட்ட காலம் மட்டும் முகவர் இல்லாமலேயே படைப்புகளை வாங்கிப் பார்க்கின்றன. அப்படி ஒன்றுக்கு 2023 கடைசியில் ஆறாவது அத்தியாயம் போனது. ஐந்து வாரத்தில் பதில். ஒப்பந்த நகலை, மொழிபெயர்ப்பாளர் உறுப்பினராக இருக்கும் சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸ் என்ற பிரிட்டன் எழுத்தாளர் சங்கத்திலேயே வரிவரியாகப் பார்த்துக் கொடுத்தார்கள், தனிக் கட்டணம் இல்லை.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு முன்பணம் 1,500 பவுண்டு, பாதி கையெழுத்தின்போது, பாதி நூல் வரும்போது. மொழிபெயர்ப்புக்கு ஆயிரம் சொல்லுக்கு 100 பவுண்டு. சிறுபதிப்பகத்தால் அதைத் தாங்க முடியாது என்பதால் இங்கிலீஷ் பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் 'பென் டிரான்ஸ்லேட்ஸ்' நல்கைக்கு விண்ணப்பித்தார்கள். பொதுவாக மொழிபெயர்ப்புச் செலவில் 75 சதவீதம் வரை, வருட வரவுசெலவு 5 லட்சம் பவுண்டுக்குக் குறைவான பதிப்பகம் என்றால் முழுவதும் கிடைக்கும். விண்ணப்பிப்பது பதிப்பகம்தான், நாம் அல்ல.

அதில் ஒரு கூத்து. பதிப்பகத்தார் தமிழ்க் கோப்பின் சொற்களை எண்ணி 58,000 என்று போட்டுவிட்டார்கள். "நெய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அது ஆறாக உடையும். மாதிரிப் பக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு 91,000 வரும் என்று விண்ணப்பம் போகும் முன் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். 3,300 பவுண்டு வித்தியாசம். என் முன்பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! தமிழிலிருந்து பெயர்ப்பவர்கள் ஒப்பந்தத்தில் "ஆங்கிலச் சொல் எண்ணிக்கைப்படி" என்று எழுதி வாங்காவிட்டால் வயிற்றில் ஈரத்துணிதான்.

அப்புறம் எடிட்டிங். 2024 முழுக்க அதுதான். ஓரக்குறிப்புகள் மட்டும் 412. நெய்கிறவர் எதற்குக் குழிக்குள் இறங்க வேண்டும் என்று ஒரு கேள்வி. எங்கள் ஊரில் குழித்தறி, மிதிபலகை குழிக்குள்தான் இருக்கும் என்று படம் வரைந்து அனுப்பினேன். நங்கை, கொழுந்தியா, சின்னம்மா என்ற முறைச்சொற்கள் எல்லாவற்றையும் அப்படியே விடச் சம்மதித்தார்கள். சாய்வெழுத்து வேண்டாம், பின்னால் அருஞ்சொற்பொருள் பட்டியலும் வேண்டாம் என்று அவர்களே சொன்னது எனக்கு ஆச்சரியம்.

மூன்று மாதம் எங்களை இழுத்தடித்தது கஞ்சி. ஆறாவது அத்தியாயத்தில் விடிகாலைத் தெருவில் பாவு எனும் நெடுக்கு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கிறார்கள். பஞ்சம் வந்த வருடம். பானையில் அரிசி கொதிக்கிறது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாவுக்குப் போனது போக மிச்சம்தான் பிள்ளைக்கு. "பாவு குடிச்ச பொறவுதான் நீ" என்கிறாள் அம்மா. தமிழில் இரண்டும் ஒரே கஞ்சி, அதனால்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. ஆங்கிலத்தில் நூலுக்கு ஒரு சொல், வயிற்றுக்கு வேறு சொல். பிரித்தால் காட்சி செத்துவிடும்.

சரி, கஞ்சி என்றே வைப்போம் என்றேன். கே-ஏ-என்-ஜே-ஐ என்று எழுதினால் ஜப்பானிய எழுத்து என்று படிப்பார்கள் என்றார் எடிட்டர். காஞ்ஜி (congee) என்று ஆங்கில அகராதியிலேயே இருக்கிறதே, அது நம் கஞ்சியிலிருந்து போனதுதானே என்றேன். இருக்கலாம், ஆனால் இங்கே எல்லோருக்கும் அது சீன ஓட்டல் உணவு என்றார். சொந்தச் சொல்லைக் கடன் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் நின்றேன். கடைசியில் ஐ-யை எடுத்துவிட்டு இரண்டு இ போட்டு, முதல் தடவை வருமிடத்தில் பானை, அரிசி, கொதி எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டி எழுதினார் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பத்தி மட்டும் ஒன்பது வடிவம் போனது.

மற்றதெல்லாம் சீக்கிரம் நடந்தது. 2025 மே மாதம் பானு முஷ்தாக்கும் தீபா பாஸ்தியும் கன்னடத்துக்கு சர்வதேச புக்கர் வாங்கிய வாரத்தில், என் நூலின் பின்னட்டையில் "தென்னிந்திய" என்ற சொல் புதிதாக முளைத்தது. முதல் தவணை 750 பவுண்டு வந்தபோது வங்கியில் எதற்கான பணம் என்று கேட்டார்கள். நாவல் என்றேன். ஊழியர் திரையில் ரொம்ப நேரம் தேடிவிட்டு, "சாஃப்ட்வேர்னு போட்டுடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி, காப்புரிமை வருமானம் என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா அங்கே மாலை ஏழு மணிக்கு, இங்கே ராத்திரி பதினொன்றரை. வீடியோவில் இருந்தேன். முப்பது பேர் இருப்பார்கள். அச்சிட்டது 1,500 பிரதி, விலை 12.99 பவுண்டு, என் பங்கு அதில் 6 சதவீதம், மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்றரை. என் முன்பணம் அந்தப் பங்கில் கழியவே 1,900 பிரதிக்கு மேல் விற்க வேண்டும். அச்சிட்டதே அவ்வளவு இல்லை.

எழுத்தாளருக்கான பத்துப் பிரதிகள் கூரியரில் வந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் புத்தகத்துக்கு 2019இலிருந்து 5 சதவீதம் சுங்கவரி. ஆதார் நகல் அனுப்பி, வரியும் கையாளும் கட்டணமும் கட்டி என் நாவலை நானே வாங்கினேன்.

ஒரு பிரதியைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். எழுபத்தெட்டு வயது, இன்னும் தறியில்தான் உட்காருகிறார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். ஆறாவது அத்தியாயத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தச் சொன்னார்.

"இப்பக் கஞ்சின்னு சொன்னியே கண்ணு, அது எங்க இருக்குது?"

விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"மத்ததெல்லாம் என்ன போட்டிருக்குது?"

தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.