பழைய லேத்: கடையில் பார்த்தது முதல் ஷெட்டில் நிறுத்தியது வரை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பழைய மெஷின் கடைகளில் நிற்கும் லேத்தெல்லாம் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) பச்சை பெயின்ட்டில் பளபளக்கும். அந்தப் பச்சைக்குக் கீழே பட்டி எவ்வளவு, வார்ப்பு எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. நான்கரை அடி ஆல் கியர் (கியரிலேயே வேகம் மாற்றும்) லேத் ஒன்றை அங்கிருந்து பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்க்கப் போன இடத்தில் முதலில் பார்த்தது பெட்டைத்தான், மற்ற பாகமெல்லாம் உட்காரும் நீள வார்ப்பு. மோட்டார், சக் (கடையும் பொருளைப் பிடித்துச் சுழலும் தலை), பேரிங், ஹாஃப் நட் எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். பெட் தேய்ந்திருந்தால் மொத்தத்தையும் கழற்றி கிரைண்டிங்குக்குச் சுமக்க வேண்டும், அந்தச் செலவு மெஷின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

தேய்மானம் பெட் முழுக்கச் சமமாக இருக்காது. பெரும்பாலான வேலை சக்கை ஒட்டியே நடப்பதால் அங்கேயுள்ள ஒன்றரை அடிதான் அரைபடும், டெயில்ஸ்டாக் (பொருளின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) இருக்கும் கோடி கன்னி கழியாமல் இருக்கும். வெட்டும் டூலைச் சுமந்து பெட் மேல் ஓடும் சேடிலைச் சக் பக்கம் தள்ளி, லாக் போல்ட்டை லேசாக உராயும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கை வீலைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோங்கள். நல்ல பெட்டில் கடைசி வரை ஒரே கனத்தில் வரும். தேய்ந்த பெட்டில் பாதி வழியில் இறுகும், மோசமானதில் நின்றேவிடும். அடுத்து, சேடில் ஓடாத ஓரத்திலிருந்து ஓடும் இடத்துக்கு விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே படி இருக்கிறது. பெட் மேல் பிறை பிறையாகப் பூ போட்டு, "புதுசா ஸ்கிரேப்பிங் பண்ணினது சார்" என்பார்கள், கையால் சுரண்டி மட்டமாக்கியதாம். பூவும் இருந்து படியும் இருந்தால் அது அலங்காரம்.

பெட் கிரைண்டிங் போட்ட மெஷினில் வேறொரு வம்பு உண்டு. அரை மி.மீ. அரைத்தால் சேடிலும் அதன் முன்னால் தொங்கும் ஏப்ரனும் அரை மி.மீ. இறங்கும், மரை போடச் சேடிலை இழுக்கும் நீள லீட் ஸ்க்ரூவோ பழைய உயரத்திலேயே நிற்கும். சேடிலுக்கு அடியில் பேக்கிங் ஒட்டிச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், கியர் பாக்ஸ் அருகே லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைப் போடும்போது அந்த ஸ்க்ரூ கீழே அமுங்குவது கண்ணுக்கே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் ஆட்டம் பார்க்க, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் ஒன்று போதும். காந்த ஸ்டாண்டைப் பெட்டில் வைத்து, முள்ளைச் சக் உடம்பின் மேல் நிறுத்தி, சக்குக்கு அடியில் ரீப்பர் கட்டையைக் கொடுத்துக் கடப்பாரையால் மெதுவாக நெம்ப வேண்டும். 0.02 மி.மீ.க்குள் ஆடினால் கவலையில்லை. 0.05 தாண்டினால் பேரிங்கை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசணும். கடையில் கரண்ட் இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். எல்லா ஸ்பீடிலும் ஓடணும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை "டக்" என்று கேட்டால் எங்கோ பல் உடைந்திருக்கிறது. கடையில் ஒரு ராடைக் கடைந்து டேப்பர் (ஒரு முனை பெருத்திருப்பது) அளப்பதில் மட்டும் பெரிய பயனில்லை, மேடு பள்ளத் தரையில் பெட் முறுக்கிக்கொண்டு நிற்கிற லேத் எதுவும் நேராகக் கடையாது.

பணம் கொடுக்கும் முன் உதிரிகளைத் தரையில் பரப்பி எண்ணிக்கொள்ளுங்கள். டாக் சக் (பிடிக்கும் ஜா நான்கும் தனித்தனியாக நகரும் சக்), ஃபேஸ் பிளேட் (பொருளை போல்ட் போட்டு மாட்டும் தட்டு), ஸ்டெடி (நீள ராடைத் தாங்கும் பாகம்), சக் சாவி, த்ரீ ஜா சக்கின் ரிவர்ஸ் ஜா. ஜாவில் இருக்கும் நம்பரும் சக்கில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், வேறு சக்கின் ஜா உள்ளே போகும், சென்டர் பிடிக்காது. மரை போடும்போது மாற்றி மாட்டும் செட் கியரில் 127 பல் சக்கரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை என்றால் ஒரு மரை 6.35 மி.மீ. அதில் 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்) போட கியர் விகிதம் 20/127, 1.5 மி.மீ.க்கு 30/127. அந்த 127 பல் இல்லையென்றால் 63 பல்லை வைத்து ஒப்பேற்றுவார்கள். 63.5 இருக்க வேண்டிய இடத்தில் 63, ஆக 100 மி.மீ. நீளத்தில் முக்கால் மி.மீ.க்கு மேல் பிசகும். நட் மாட்டும் அளவுக்குத் தெரியாது, நீள ஸ்க்ரூவில் மாட்டிக்கொள்ளும்.

எங்கள் லேத் சுமார் 800 கிலோ. குட்டி யானையில் ஏற்றிவிடலாம் என்பார்கள், அது முக்கால் டன் வண்டி. எடையைவிட உயரம்தான் பயம்: மேலே கனம், கீழே ஒடுக்கமான கால், திருப்பத்தில் கவிழ்ந்துவிடும். பிக்கப் வண்டி எடுத்தோம். ஏற்றும் முன் சக்கையும் மோட்டாரையும் டெயில்ஸ்டாக்கையும் கழற்றி, 4 இஞ்ச் கட்டை இரண்டைக் காலுக்கு அடியில் கொடுத்து அரை இஞ்ச் போல்ட்டால் முடுக்கினோம். கட்டை இரு பக்கமும் ஓரடி நீட்டி நின்றது, அந்த நீட்டல்தான் கவிழாமல் காக்கும்.

தூக்கும் ஸ்லிங் பெல்ட் பெட்டுக்கு அடியில் போகணும், லீட் ஸ்க்ரூவிலோ அதன் அருகே ஓடும் ஃபீட் ராடிலோ படவே கூடாது. பெல்ட் இறுகும்போது அது ராடை உள்பக்கம் வளைக்கும், வளைந்த லீட் ஸ்க்ரூவில் நேரான மரை வராது. பெட்டுக்கும் பெல்ட்டுக்கும் இடையில் கட்டை கொடுத்து பெல்ட்டை விலக்கி வையுங்கள். ஸ்பிண்டிலும் கியரும் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம், அதனால் சேடிலை மறுகோடிக்குத் தள்ளி லாக் செய்து, ஒரு விரல் உயரம் தூக்கிப் பார்த்து, சாய்ந்தால் இறக்கி, பெல்ட்டை நகர்த்தி மறுபடி. மூன்றாவது முறைதான் மட்டமாக வந்தது. வண்டியில் கட்டும் கயிறும் பெட்டைச் சுற்றித்தான், கை வீலில் கட்டுபவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

இறக்க ஹைட்ரா கிரேன். மேலே மின்கம்பி போனதால் ஷெட்டுக்குப் பன்னிரண்டு அடி முன்னாலேயே வைக்க வேண்டியதாயிற்று. மீதி தூரம் ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப், மூன்றடித் துண்டு ஐந்து. அடியில் எப்போதும் மூன்று இருக்கணும், பின்னால் வெளிவருவதை எடுத்து முன்னால் போட வேண்டும். திருப்ப, முன் பைப்பைச் சுத்தியால் தட்டிக் கோணலாக்கினால் போதும். ஜாக்கியில் ஓர் இஞ்ச் தூக்கினால் அடியில் ஓர் இஞ்ச் கட்டை, கை உள்ளே போகக் கூடாது. வாசற்படியில் 6 மி.மீ. தகடு போட்டோம்.

வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ், மோட்டார் 2 ஹெச்.பி. த்ரீ பேஸ். சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கி வேகத்தையும் மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் வாங்கினால் முடிந்தது என்று நினைப்போம், இங்கே பலர் ஏமாறுவார்கள். டிரைவ் கொடுப்பது 230 வோல்ட், மோட்டாரோ 415க்கு ஸ்டாரில் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து) கட்டியது. அப்படியே மாட்டினால் இழுவை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், லேசாக வெட்டினாலே நின்றுவிடும். டெல்டாவாக, அதாவது மூன்று காயிலும் முக்கோணமாக, மாற்றணும். டெர்மினல் பாக்ஸில் ஆறு ஒயர் வந்தால் தகடு மாற்றும் வேலைதான். மூன்றே ஒயர் என்றால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் இருக்கிறது, வைண்டிங் கடையில் பிரித்து ஆறாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மூன்றரை ஆம்பியர் எடுத்த மோட்டார் டெல்டாவில் ஆறு எடுக்கும், டிரைவின் செட்டிங்கில் அதைப் பதிய வேண்டும். 2.2 கிலோவாட் டிரைவ் போட்டோம். லேத்தின் பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள், ஓட்டத்தில் திருப்பினால் டிரைவ் போய்விடும். சுவிட்ச் டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்குப் போகணும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் ஃபேன் காற்றே தராது, வேகம் குறைக்க கியரைப் பயன்படுத்துங்கள்.

ஹெட்ஸ்டாக் எண்ணெயை வடித்து மண்ணெண்ணெயால் கழுவி 68 நம்பர் ஊற்றினோம். பெட்டுக்கு எண்ணெய்தான், கிரீஸ் தடவினால் தூள் ஒட்டி அதுவே அரைக்கும்.

கடைசியாக மட்டம். தச்சர் மட்டப்பலகை இதற்கு உதவாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் வேண்டும். பெட்டின் குறுக்கே ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரு முறை, மறுகோடியில் ஒரு முறை வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டும்வரை கால் போல்ட்டைத் திருக வேண்டும். தரை சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, பெட் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பிறகு 40 மி.மீ. ராடை 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்காமல், நடுவைக் குறைத்து இரு கோடியிலும் வளையம் விட்டு, ஒரே வெட்டில் இரண்டையும் கடைந்து மைக்ரோமீட்டரில் அளந்தோம். வெளிக்கோடி வளையம் 0.04 பெரிதாக வந்தது. டெயில்ஸ்டாக் பக்கம், நாம் நிற்கும் பக்கத்துக் காலை உயர்த்தணும், கால் சுற்று போதுமாயிருந்தது. இரண்டு வாரத்தில் தரை அமர்ந்து மறுபடி 0.02 காட்டியது. இன்னும் கொஞ்சம் திருகி லாக் நட்டை இறுக்கினோம்.